இடது தோளுக்காக ஒரு வழக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சென்னிமலை பெட்ஷீட் ஒன்று. நனைந்தால் அது என்ன கனம் கனக்கும் என்று துவைத்தவர்களுக்குத் தெரியும். அதை உதறி, கொடி மேல் வீசி, இரண்டு முனையையும் இழுத்துவிட்டு க்ளிப் மாட்டிக்கொண்டிருக்கிறேன்... பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. திரும்பினால், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"அம்மணி... ரெண்டு கையும் மேல இருக்குது பாரு!"

பார்த்தேன். ஆமாம். இருந்தது. இடது கையும் வலது கையும் சொல்லிவைத்த மாதிரி ஒரே உயரத்தில். எந்த முனகலும் இல்லாமல், எந்த யோசனையும் இல்லாமல் மேலே போயிருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

கையைத் தூக்கியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் நான்கு மாதம் தூக்க முடியாமல் இருந்து பாருங்கள். தெரியும்.

இதை இதுவரை இந்தப் பத்தியில் எழுதவில்லை. வழக்கு நடக்கும்போது எழுதக் கூடாது என்று வக்கீல் என் கையைக் கட்டிப்போட்டிருந்தார். (கை ஏற்கெனவே கட்டித்தான் தொங்கிக்கொண்டிருந்தது — அது வேறு விஷயம்.) நடுவில் சில வாரங்கள் பத்தி வராதபோது 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வரி போட்டார்கள். உடல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தோளைத் தவிர.

நடந்தது இதுதான்.

எனக்கு வீசிங் உண்டு. குளிர் காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும். "வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கோங்க" என்று டாக்டர் சொன்னார். எங்கள் பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனை. அன்று அங்கே ஏதோ முகாம். வரிசை வாசல்வரை நின்றது. அரை மணி நேரம் நின்று உள்ளே போனேன். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு நர்ஸ். வயது இருபத்தைந்து இருக்கும். நின்றுகொண்டே ஊசி போட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே தோள் கடுத்தது. ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும்? மறுநாள் பல் தேய்க்கும்போது வாய் கொப்பளிக்க இடது கையால் தண்ணீர் அள்ளினேன்... கை பாதியில் நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். வலி குறையவில்லை. கை ஏறவில்லை.

எல்லோரும் சொன்ன முதல் ஆறுதல் என்ன தெரியுமா? "இடது கைதானுங்களே!"

இடது கைக்கு என்ன வேலை என்று அது நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜாக்கெட்டுக்குள் நுழைவது, ஸ்கூட்டர் ஓட்டுவது, தோசைக் கல்லைப் பிடிப்பது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பற்றுவது, தலை பின்னுவது. வலது கை செய்கிறதாக நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் பாதி வேலையை இடது கைதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தலை பின்னும் வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் கணபதிப் பகுதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாகச் செம்புக் கம்பி சுற்றிய கை. பின்னல் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? புருவம் மேலே ஏறிவிட்டது.

"கொஞ்சம் லூசா பின்னுங்க."

"லூசா சுத்துனா காயில் எரிஞ்சு போயிரும் அம்மணி."

சிரிப்புதான். ஆனால் மருத்துவமனைக்குத் திரும்பப் போனபோது சிரிப்பு வரவில்லை. பெரிய டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்களுக்கு அம்பத்தாறு வயசுங்களா? சுகர் இருக்குதுங்களா?" இல்லை என்றேன். "இந்த வயசுல தோள் இறுகறது சகஜமுங்க. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." மாத்திரை எழுதினார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போனேன். அதே பதில், அதே மாத்திரை. இரண்டு தடவையும் அவர் என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம் வேறோர் எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"தோள் எலும்புக்கு அடியில ஒரு சின்னப் பை மாதிரி இருக்குதுங்க. எலும்பு உரசாம இருக்கறதுக்கு. ஊசி தசையில இறங்கோணும். உங்களுக்கு ரொம்ப மேல போட்டிருக்காங்க. அந்தப் பைக்குள்ள மருந்து போயிருச்சு. அதான் உள்ள புண்ணாகிக் கெடக்குது."

"அப்ப மருந்து கெட்டதுங்களா?"

"மருந்துல ஒரு தப்புமில்லைங்க. இறங்குன இடம்தான் தப்பு. அபூர்வமா நடக்கறதுதான். சரியாயிரும், ஆனா நாளாகும்."

இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஏனென்றால் அந்த வாரமே எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், கட்டுப்போட்ட கையோடு நான் லிஃப்டில் நிற்கும் படத்தைப் போட்டு, 'ஊசி போட்டால் இதுதான் கதி' என்று எழுதிவிட்டார். கீழ்வீட்டுக் கவிதா, கைக்குழந்தைக்காரி, ஓடி வந்தாள். "அக்கா, பாப்பாவுக்கு நாளைக்கு ஊசிங்க. போடட்டுங்களா, வேண்டாங்களா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் தோள் போனது போதாதா? ஒரு குழந்தையின் ஊசியும் என் பேரில் நிற்க வேண்டுமா? மறுநாள் நானே கவிதாவோடு போனேன். பாப்பா அழுதது. நான் ஒற்றைக் கையால் கிலுகிலுப்பை ஆட்டினேன்.

ஆனால் கோபம் அடங்கவில்லை. மருந்து மேல் இல்லை, ஊசி மேல் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே 'வயசாச்சு' என்று சொன்ன அந்த வாக்கியத்தின் மேல்.

வக்கீல் ஷாஜிதாவிடம் போனேன். கோட்டைமேட்டுக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேசப்போன இடத்தில் பழக்கம். ஸ்கேனையும் சீட்டுகளையும் வரிசையாக மேஜை மேல் பரப்பிப் பார்த்தார்.

"சில வெளிநாட்டுல இதுக்கு நஷ்டஈடு குடுக்கறதுக்குன்னே தனி நிதி இருக்குதுக்கா. நம்மூர்ல நுகர்வோர் ஆணையம்தான் வழி. நாளாகும். பொறுமை இருக்குதுங்களா?"

"கைதான் தூக்க முடியல ஷாஜிதா. பொறுமை நிறைய இருக்குது."

"சரி, உங்களுக்கு என்ன வேணும்? அதை மொதல்ல சொல்லுங்க."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நஷ்டஈடு என்றுதான் வந்தேன். ஸ்கேனுக்கும் வலி குறைய மூட்டுக்குள் போட்ட ஊசிக்கும் ஃபிசியோதெரபிக்கும் செலவானது எல்லாம் வேண்டும்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஊசியாலதான் இது வந்துச்சுன்னு அவங்க வாயால சொல்லோணும்."

ஷாஜிதா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுதான் அக்கா இருக்கறதுலயே கஷ்டமானது."

நோட்டீஸ் போனது. 'எங்கள் தரப்பில் எந்தக் குறையும் இல்லை' என்று பதில் வந்தது. ஆணையத்தில் புகார் கொடுத்தோம். எலும்பு டாக்டர் தன் கருத்தை எழுத்தில் கொடுத்தார். தேதி, அடுத்த தேதி, அதற்கும் அடுத்த தேதி... ஆணையத்துக்குப் போய்ப் போய், அங்கே மின்விசிறி எந்த இருக்கைக்கு நேராகச் சுற்றும் என்பதுகூட எனக்கு மனப்பாடம் ஆனது.

ஒருநாள் ஷாஜிதா உற்சாகமாக போன் பண்ணினார். மருத்துவமனை எழுத்துப்பூர்வமான பதிலைத் தாக்கல் செய்துவிட்டதாம். "ஒத்துக்கிட்டாங்க அக்கா! ஊசி மேல போயிருக்கலாம், ஆனா அது அந்த நர்ஸ் சொந்தமா செஞ்ச தப்பு, நாங்க கத்துக்குடுத்தது வேற, அவங்களை அப்பவே வேலையை விட்டு எடுத்துட்டோம்னு எழுதியிருக்காங்க. நமக்கு நல்லதுதான். நர்ஸ் தப்புன்னாலும் பொறுப்பு ஆஸ்பத்திரியோடதுதான்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த ஸ்டூலும் மேஜையும் அந்தப் பெண்ணின் முகமும்தான் ஞாபகம் வந்தன.

நாலைந்து நாளில் ஒரு போன்.

"மேடம், நான் கோகிலாங்க. அன்னைக்கு உங்களுக்கு ஊசி போட்டது நாந்தானுங்க. உங்களை ஒருக்கா பார்க்கோணும். லீவு கெடைக்காதுங்க. நீங்க பல்லடம் வர முடியுங்களா?"

பஸ் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு சின்ன க்ளினிக். கோகிலா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கண் என் முகத்துக்கு வரவில்லை, நேராக என் இடது தோளுக்குப் போனது.

"இன்னும் ஏறலீங்களா?"

தூக்கிக் காட்டினேன். தோள்மட்டம் வரை. அதோடு நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது.

மருத்துவமனையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்களாம். 'முழுத் தப்பும் என்னுடையதே' என்று ஒரு காகிதம். கையெழுத்துப் போட்டால் அனுபவச் சான்றிதழ் தருவார்களாம். மூன்று வருட வேலைக்கான சான்றிதழ். அது இல்லாமல் பெரிய மருத்துவமனை எதிலும் அவளுக்கு வேலை கிடைக்காது.

"போட்டுட்டியா?"

"இல்லீங்க. போட்டா உங்க கேசு என்னாகும்னு தெரியல. என்ர பொழப்பு என்னாகும்னும் தெரியல." மேஜை மேல் இருந்த பஞ்சு டப்பாவை மூடினாள். "தப்பு என்ரதுதானுங்க மேடம், இல்லைன்னு சொல்லல. ஆனா... உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா? அன்னைக்கு நீங்க நீளக் கை வெச்ச ஜாக்கெட் போட்டிருந்தீங்க. ஜாக்கெட் கையை மேல ஏத்த முடியல. கழட்டறதுக்கு மறைப்பு இல்லை. வெளிய அத்தனை ஆம்பளைங்க நிக்கறாங்க. நீங்கதான் சொன்னீங்க... 'கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறக்கிவிடறேன், அப்படியே போட்டுரு கண்ணு'ன்னு."

நான் என் ஜாக்கெட் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

சொன்னேன். ஆமாம், சொன்னேன். முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட். கழற்றக் கூச்சம். திரும்பிப் போய்விட்டு இன்னொரு நாள் வரச் சோம்பல். கழுத்துப் பக்கம் துணியை இறக்கினால் எவ்வளவு இறங்கும்? தோளின் உச்சிதான் தெரியும். அவள் தெரிந்த இடத்தில் போட்டாள்.

புகாரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டேனா? மறந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேனா? இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"முடியாதுன்னு நான் சொல்லியிருக்கோணுங்க," என்றாள் கோகிலா. "படிச்சதே அதுதானுங்களே. மறைப்புத் துணி கேட்டு மூணு மாசமா எழுதிக் குடுத்துட்டிருந்தேன். அன்னைக்கு வரிசையைப் பார்த்ததும்... போட்டுப்போட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சூலூர் தாண்டும்வரை எதையும் பார்க்கவில்லை. ஒரு நாளும் பொய் சொல்லவில்லை நான். ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அதற்கு என்ன பெயர்?

நேராக ஷாஜிதாவின் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா! 'நோயாளி கேட்டுக்கிட்டபடிதான் போட்டோம்'னு அவங்க ஒரே பிடியா பிடிச்சுக்குவாங்க. கேசே கவுந்துரும்."

"கவுந்தா கவுந்துட்டுப் போகட்டும். அந்தப் புள்ள ஒருத்தி தலையில முழுசையும் வெச்சு நான் ஜெயிக்கோணுமா?"

ஷாஜிதா கேஸ் கட்டை மறுபடியும் பிரித்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப நாமளே மொதல்ல சொல்லிப்போடலாம். நாம சொன்னா உண்மை. அவங்க கண்டுபுடிச்சு சொன்னா, நாம ஒளிச்சதா ஆயிரும். பிரமாணப் பத்திரத்துல எழுதிர்றேன். நீங்க சொன்ன அதே வார்த்தையில."

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது, தோற்றாலும் பரவாயில்லை என்று உண்மையாகவே தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்லதுதான் அம்மணி," என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் பின்னல் லேசாக இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். எங்கள் பத்திரம் தாக்கலான சில வாரத்தில், மருத்துவமனைத் தரப்பே சமரசப் பேச்சுக்கு வரச் சம்மதித்தது. ஆணையம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. நீள மேஜை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவில். ஒரு பக்கம் நானும் ஷாஜிதாவும். எதிரில் மருத்துவமனை மேனேஜரும், அவர்கள் வக்கீலும், அதே பெரிய டாக்டரும்.

எதிர்பார்த்தபடியே மேனேஜர் ஆரம்பித்தார். "அம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்களே. அவங்க கேட்டதாலதானுங்க அப்படிப் போட்டது."

ஷாஜிதா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க, பேஷன்ட் கேட்டா கண்ணுலகூடப் போட்டுருவீங்களா?"

நடுவர் சட்டென்று குனிந்து காகிதத்தைப் புரட்டினார். சிரிப்பை மறைத்தார் என்றுதான் நினைக்கிறேன். மேனேஜர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"மறைப்பு கேட்டு அந்த நர்ஸம்மா எழுதிக் குடுத்ததுக்கு நகல் இருக்குதுங்க. கொண்டாரட்டுங்களா?" என்றார் ஷாஜிதா அடுத்து. கோகிலா போனில் படமெடுத்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த பெரிய டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் பக்கம் வந்தார்.

"கையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா."

தூக்கினேன். தோள்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. அவர் என் மணிக்கட்டை ஒரு கையிலும் தோளை இன்னொரு கையிலும் பிடித்து, மெதுவாகத் திருப்பினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கையைக் கீழே இறக்கிவைத்தார்.

"இதை நான் அன்னைக்கே செஞ்சிருக்கோணும். ஊசியாலதான் வந்திருக்குதுங்க. மன்னிச்சுக்கோங்க."

எதிரில் அவர்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. ஆனால் என் நிலைமை என்ன? இத்தனை நாளும் பத்திரமாகச் சேர்த்துவைத்த கோபம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனது என்றே தெரியவில்லை. மேஜை மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். நடுவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

எவ்வளவு கிடைத்தது என்று கேட்காதீர்கள். மருத்துவமனையின் பெயரும் தொகையும் வெளியே வராது என்பது ஒப்பந்தம். ஆன செலவு வந்தது, வலிக்கும் ஏதோ வந்தது. நாங்கள் கேட்ட மற்ற மூன்றும் அப்படியே வந்தன. ஊசி அறைக்கு மறைப்பு. போடுகிறவர் உட்கார இன்னொரு நாற்காலி. கோகிலாவுக்குச் சான்றிதழ் — 'பணியை நேர்மையாகச் செய்தார்' என்ற வரியோடு.

கோகிலாவுக்குப் போன் பண்ணி அந்த வரியைப் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம், "மறுபடியும் அங்க மட்டும் போக மாட்டேனுங்க மேடம்," என்றாள். சிரித்தோம்.

அது நடந்து ஏழு மாதமாகிறது. அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் கை பாதிதான் ஏறியிருந்தது. பாதி ஏறிய கையோடு முழுக் கதை எழுத மனம் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை அந்தச் சாக்கும் போய்விட்டது.

நடுவில் இந்த வருட ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டேன். பயமாக இல்லையா என்று கவிதா கேட்டாள். இருந்தது. அதற்காகக் குளிர் காலம் வராமல் இருக்குமா? தொளதொளவென்று கை வைத்த சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். "நீங்களும் உக்காந்துக்கோங்க கண்ணு, அவசரமில்லை," என்றேன் நர்ஸிடம். அவள் தோள் எலும்பைத் தொட்டு, மூன்று விரல் கீழே அளந்து போட்டாள். இரண்டு நாள் லேசாக வலித்தது. மூன்றாவது நாள் மறந்தே போனேன்.

வாசகர்களே, உங்களுக்கும் யாரிடமாவது கேட்டுத் தீர்க்க வேண்டியது ஏதாவது இருக்கலாம். போய்க் கேளுங்கள். போகும்போது, நம் பக்கத்துப் பாதியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டால், பாதி வலி அந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறது.

மீதிப் பாதிக்கு ஃபிசியோதெரபிதான்!